நோவின்றி வரும் நோய்: இரத்தக் கொதிப்பை அறிதலும் அடக்குதலும்

காய்ச்சல் கண்டால் உடம்பு சுடுகிறது. உளி பட்டு விரல் அறுந்தால் இரத்தம் கொட்டுகிறது. பல்லில் சொத்தை விழுந்தால் இரவெல்லாம் உறக்கம் கெடுகிறது. நோய் வந்ததை உடம்பே நமக்கு அறிவித்துவிடுகிறது. அவ்வறிவிப்பைக் கேட்டு மருந்தகத்திற்குச் செல்கிறோம். நோவு தணிந்ததும் மருந்தை நிறுத்திவிட்டு வேலைக்குத் திரும்புகிறோம். தலைமுறை தலைமுறையாக நாம் பழகிவந்த வழக்கம் இது.

இந்த வழக்கத்திற்கு அடங்காத நோய் ஒன்று உண்டு. அதனை ஏட்டில் ‘உயர் இரத்த அழுத்தம்’ என்று எழுதுகிறார்கள். லயத்தில் ‘இரத்தக் கொதிப்பு’ என்றும் ‘பிரஷர்’ என்றும் சொல்கிறோம். மலாய்க்கார நண்பர்கள் ‘டாரா திங்கி’ என்பார்கள். பெயர் பலவாயினும் நோய் ஒன்றே. அது வலியோடு வருவதில்லை. உடம்பில் தங்கிப் பல ஆண்டுகள் கேடு செய்யும்பொழுதும் பெரும்பாலும் அடையாளம் காட்டுவதில்லை. 2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடத்தப்பெற்ற தேசிய உடல்நல ஆய்வில், 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு இந்நோய் இருப்பது தெரியவந்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர், தமக்கு நோய் இருப்பதை அதுவரை அறியாதவர்கள்.

ஆகவே, இந்நோயைப் பற்றி ஒவ்வொரு தொழிலாளர் குடும்பமும் மனத்தில் இருத்த வேண்டிய செய்திகள் இரண்டு. அளந்து பார்த்தாலன்றி இது தெரியாது என்பது ஒன்று. மருந்து தொடங்கிய பின், உடம்பு நன்றாக இருக்கும்பொழுதும் அதனை நிறுத்தலாகாது என்பது மற்றொன்று. இவற்றுக்குரிய காரணங்களைப் படிப்படியாகக் காண்போம்.

அழுத்தம் என்பது யாது?

பால்மரம் சீவுவோர்க்கு அழுத்தம் இன்னதென விளக்குவது எளிது. விடியுமுன் சீவிய மரத்தில் பால் தாராளமாய் வடிந்து மங்கை நிரப்புகிறது. வெயில் ஏறிய பின் சீவினால் அதே மரம் குறைவாகவே தருகிறது. காரணம் என்ன? மரப்பட்டையினுள் நுண்ணிய பாற்குழாய்கள் உள்ளன. இரவில் இலைகள் வழியே நீர் வீணாகாததால், விடியற்காலையில் அக்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கிறது. வெயில் ஏறி, இலைகள் வழியே நீர் ஆவியாகப் போகப் போக அழுத்தம் குறைகிறது. உளி பட்டவுடன் பாலை வெளியே தள்ளுவது அந்த அழுத்தமே.

நம் உடம்பிலும் குழாய்கள் உள்ளன. வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. இதயம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை சுருங்கி விரிந்து, அவ்விரத்தத்தை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அனுப்புகிறது. அவ்வாறு செல்லும் இரத்தம் குழாய்ச் சுவரைத் தள்ளும் விசையே இரத்த அழுத்தம். அழுத்தமே இல்லையென்றால் மூளைக்கு இரத்தம் ஏறாது. நாம் எழுந்து நிற்கவும் இயலாது. ஆகவே, இரத்த அழுத்தம் எல்லோர்க்கும் உண்டு. அஃது அளவுக்கு மிஞ்சி, அந்நிலையிலேயே நிலைத்து நிற்பதுதான் நோய்.

‘கொதிப்பு’ என்ற சொல்லைக் கேட்டு, இரத்தம் சூடேறிவிட்டது என்றும் குளிர்ச்சியான பொருள்களை உண்டால் தணியும் என்றும் சிலர் எண்ணுகிறார்கள். கோபக்காரர்க்கே இந்நோய் வரும் என்போரும் உளர். இரண்டு எண்ணமும் தவறு. இரத்தம் கொதிப்பதில்லை. பொறுமையே உருவானவர்க்கும் இந்நோய் வருவதுண்டு.

இரண்டு எண்கள்

இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்து எழுதியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார். அவர் குதிரையின் இரத்தக் குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று கண்டு, 1733ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டார். மனிதர்க்கு அம்முறை உதவாது. 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி, புயத்தில் காற்றுப் பட்டையைச் சுற்றி, குத்தாமலும் வெட்டாமலும் அளக்கும் கருவியை அமைத்தார். 1905இல் ருஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டையின் காற்றை மெல்ல இறக்கும்பொழுது குழாயில் எழும் ஒலியை ஸ்டெதஸ்கோப் கொண்டு கேட்டு, இரண்டு அளவுகளைக் குறிக்கும் முறையைக் கண்டார். இன்று நம் கையில் பட்டை கட்டி அளப்பது இவ்வழியில் வந்த முறையே.

அளந்தவுடன் டிரெசர் அட்டையில் இரண்டு எண்களை எழுதுகிறார். 128/78 என்று எழுதினால், 128 என்பது இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்பொழுது உள்ள அழுத்தம். 78 என்பது இதயம் இளைப்பாறும்பொழுது குழாயில் எஞ்சியிருக்கும் அழுத்தம். இரண்டும் முக்கியமானவை. ஒன்று மட்டும் மிகுந்திருந்தாலும் நோயே. எண்களின் பொருளைக் கீழ்க்கண்டவாறு நினைவிற் கொள்ளலாம்:

120/80க்குக் கீழ் – மிக நல்ல நிலை.

மேல் எண் 130 முதல் 139 வரை, அல்லது கீழ் எண் 85 முதல் 89 வரை – எச்சரிக்கை நிலை. உணவிலும் பழக்கத்திலும் திருத்தம் வேண்டும்.

மேல் எண் 140 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் எண் 90 அல்லது அதற்கு மேல் – வெவ்வேறு நாள்களில் அளந்தும் இவ்வாறே இருந்தால் உயர் இரத்த அழுத்தம்.

மேல் எண் 180, அல்லது கீழ் எண் 110, அதற்கும் மேல் – அன்றைக்கே மருத்துவரைக் காண வேண்டும்.

வீட்டில் அளக்கும்பொழுது மனம் அமைதியாய் இருப்பதால் எண்கள் சற்றுக் குறைவாகவே வரும். ஆதலால், வீட்டு அளவில் 135/85 என்பதே நோயின் எல்லையாகக் கொள்ளப்படுகிறது.

சரியான அளவு வேண்டுமாயின் அளக்கும் முறையும் சரியாக இருத்தல் வேண்டும். பால் வாளியைச் சுமந்து ஸ்டோரில் இறக்கிவிட்டு, மூச்சு வாங்க வந்து கையை நீட்டினால் எண் ஏறியே இருக்கும். அளப்பதற்கு அரைமணி நேரத்திற்கு முன்பிருந்தே காப்பியும் புகையும் கூடா. சிறுநீரை அடக்கிக்கொண்டு அமரலாகாது. நாற்காலியில் முதுகு சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, சட்டைக் கையை விலக்கி, வெறும் புயத்தில் பட்டையைக் கட்ட வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து இரண்டையும் குறித்துக்கொள்வது நலம்.

உள்ளே நடக்கும் கேடு

உளியை ஆழமாகப் பாய்ச்சினால் மரத்தில் காயம் படும் என்பது நாம் அறிந்ததே. அன்றைக்குப் பார்த்தால் கேடு ஒன்றும் தோன்றாது. பால் கூடுதலாகவும் கிடைக்கலாம். பல ஆண்டுகள் கழித்து, அந்த இடத்தில் மீண்டும் வளர்ந்த பட்டை முண்டும் முடிச்சுமாய் நிற்கும்பொழுதுதான், உளி வைக்க இடமில்லையே என்று வருந்துகிறோம்.

இரத்தக் குழாயிலும் இதுவே நடக்கிறது. மிகுந்த அழுத்தம் இரவும் பகலும் குழாயின் உட்சுவரை நலித்துக்கொண்டேயிருக்கிறது. சுவர் தடித்து, நெகிழ்வை இழந்து, கொழுப்புப் படிந்து குறுகிவிடுகிறது. சில இடங்களில் மெலிந்து, வெடிக்கும் நிலையை அடைகிறது.

மூளையில் குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும் பக்கவாதம் வருகிறது. கையும் காலும் விழுந்துவிடுகின்றன, பேச்சுக் குழறுகிறது. இதயத்திற்கு இரத்தம் தரும் குழாய் அடைபட்டால் மாரடைப்பு. அதிக அழுத்தத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் உழைத்த இதயம் தடித்து, பின் தளர்ந்து, மூச்சுத்திணறலும் கால்வீக்கமும் உண்டாகின்றன. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் பழுதாகி, இரத்தத்திலுள்ள கழிவை நீக்க இயலாமற் போகின்றன. அந்நிலை முற்றினால் வாரத்திற்குப் பெரும்பாலும் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், இயந்திரத்தின் துணையால் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். பட்டணத்துக்குப் போய்வரும் நேரத்தையும் செலவையும் சேர்த்தால், தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு அது எத்துணைப் பெருஞ்சுமை என்பதைக் கூற வேண்டியதில்லை. கண்ணின் உட்திரையும் பழுதடைந்து பார்வை மங்கலாம்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்ததில், மேல் எண்ணைப் பத்துப் புள்ளி குறைத்தால் பக்கவாதம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதாகத் தெரிகிறது.

யாருக்கு வரும்?

நோயாளரில் மிகப் பெரும்பாலோர்க்கு ஒற்றைக் காரணம் என்று சுட்ட இயலாது. வயது, பெற்றோர் வழி, உப்பு மிகுந்த உணவு, உடற்பருமன், மது ஆகியவை கூடியே நோயை வளர்க்கின்றன. சிலர்க்குச் சிறுநீரகக் கோளாறு, சுரப்பிக் கோளாறு முதலியன காரணமாகின்றன. இளவயதில் நோய் கண்டவர்களை மருத்துவர் இதற்காகத் தனியே சோதிப்பதுண்டு. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் ஒருவர்க்கே சேர்ந்து வருவது மிகுதி. நம் நாட்டு இந்தியரிடையே நீரிழிவு அதிகமாகக் காணப்படுவதால், இவ்விரண்டையும் ஒருசேரச் சோதித்துக்கொள்வது அறிவுடைமை.

“நாள்தோறும் நிரை நிரையாக நடந்து உழைக்கிறோம், வேலை செய்யும் உடம்புக்கு இந்த நோய் வராது” என்று கூறுவோர் பலர். நடப்பது நன்மையே, ஆயினும், அது தனியே காவலாகாது. காலையில் ஆயிரம் அடி நடந்துவிட்டு, பகலில் கருவாட்டுக் குழம்பும் மாலையில் மதுவும் கொண்டால், நடந்ததன் பயன் கரைந்துவிடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்போ, உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாறிய பின்போ, முன்போலவே உண்டு வருபவர்க்கு எடை ஏறுகிறது; எடையோடு அழுத்தமும் ஏறுகிறது.

அடுப்படியில் தொடங்கும் மருத்துவம்

உப்பு உடம்பில் நீரைத் தங்கச் செய்கிறது, குழாய்களில் ஓடும் இரத்தத்தின் அளவு கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது. ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு ஐந்து கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அஃதாவது, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவு. குழம்பில் இடும் உப்பு, ஊறுகாயில் உள்ளது, கடையில் வாங்கும் பண்டத்தில் மறைந்திருப்பது ஆகிய எல்லாம் இதில் அடங்கும்.

நம் உணவில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள் சில: கருவாடு, நெத்திலி, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், பெலாச்சான், கீச்சாப், டின்னில் அடைத்த மீன், பொட்டலத்தில் வரும் மீ. பொட்டல மீயின் மசாலாத் தூளில், நாள் முழுதுக்குமுரிய உப்பில் பாதியோ அதற்கு மேலோ இருப்பதுண்டு. தூள் முழுவதையும் கொட்டாமல் பாதியை எடுத்து வைத்துவிடலாம். கருவாட்டை நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் உப்பு ஓரளவு குறையும். ஆயினும், அது நாள்தோறும் உண்ணும் பொருளாக இருத்தலாகாது. சோறு வடிக்கும்பொழுது உப்பிடும் வழக்கத்தை விடலாம். உப்பைக் குறைத்த இடத்தில் புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை ஆகியவற்றைக் கூட்டினால் நாக்கு குறை சொல்லாது. சில வாரங்களில் சுவை பழகிவிடும்.

“வியர்வையில் உப்பு போய்விடுகிறதே, வேலைக்காட்டில் உழைப்பவன் உப்பைக் குறைக்கலாமா?” என்று கேட்கலாம். வழக்கமான உணவிலுள்ள உப்பே அவ்விழப்பை ஈடுசெய்யப் பெரும்பாலும் போதும். வியர்த்தவர்க்கு முதலில் வேண்டுவது நீர். வேலைக்குப் போகும்பொழுது குடிநீரைக் கொண்டு செல்லுங்கள்.

லயத்தைச் சுற்றி விளையும் முருங்கைக்கீரை, பசலை, கங்குங், வாழைப்பழம், பப்பாளி, பருப்பு வகைகள் ஆகியவை நல்லுணவு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் எந்தக் காய்கனி எவ்வளவு ஆகும் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எடை மிகுந்தவர், ஒரு கிலோ குறைத்தால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு புள்ளி குறையும் என எதிர்பார்க்கலாம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம் விறுவிறுவென நடப்பது எல்லோர்க்கும் நன்று.

மது அழுத்தத்தை ஏற்றுகிறது. கள்ளாயினும், சம்சுவாயினும், பீராயினும் இதில் வேறுபாடு இல்லை. குடிப்பவர் விட்டொழிப்பது சிறப்பு. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். ஆதலால், மருத்துவரின் துணையோடு நிறுத்த வேண்டும். புகையிலையோ, அழுத்தம் ஏற்கெனவே கெடுத்த குழாயை மேலும் கெடுத்து, மாரடைப்பை விரைவில் வரவழைக்கிறது.

மாத்திரையும் அதன் பொருளும்

உணவையும் பழக்கத்தையும் திருத்தியும் அழுத்தம் இறங்காதவர்க்கும், தொடக்கத்திலேயே மிக உயர்ந்திருப்பவர்க்கும் மருத்துவர் மாத்திரை தருகிறார். பலரும் வழுக்கி விழும் இடம் இதுவே.

ஓர் உதாரணம் கூறுவோம். நாற்பத்தெட்டு வயதான தொழிலாளர் ஒருவர். அளந்து பார்த்ததில் 168/102. மாத்திரை தொடங்குகிறார். இரண்டு மாதம் கழித்து 134/84. “நோய் போய்விட்டது” என்று மகிழ்கிறார். முன்பும் அவருக்கு நோவு இல்லை; இப்பொழுதும் இல்லை. அடுத்த முறை மருந்தகத்திற்குப் போனால் அரைநாள் வேலை கெடுமே என்று தள்ளிப்போடுகிறார். மாத்திரை தீர்ந்துவிடுகிறது. சில நாள்களிலோ வாரங்களிலோ அழுத்தம் பழைய நிலைக்கே ஏறிவிடுகிறது. ஏறியது அவருக்குத் தெரியாது. மாதங்கள் ஓடுகின்றன. ஒருநாள் விடியற்காலை, பிரட்டுக்குப் புறப்படும் நேரத்தில், உளி பிடிக்கும் வலக்கை தூக்க வரவில்லை. அரைநாள் கூலியை மிச்சப்படுத்த எண்ணியவர், அந்தக் கையின் உழைப்பையே இழந்துவிட்டார். இனி அவரைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் மனைவிக்கு அன்றாட வேலையாகிறது. வீட்டில் இரண்டு கூலியில் ஒன்று நின்றுபோகிறது.

அவர் அட்டையில் எழுதப்பட்ட 134/84 என்ற எண், நோய் நீங்கியதைக் காட்டவில்லை; மாத்திரை வேலை செய்வதைக் காட்டியது. மழையில் குடை பிடித்துச் செல்பவர், “நான் நனையவில்லையே, குடை எதற்கு?” என்று மடக்கிவிடுவாரா? இந்நோய்க்குரிய மாத்திரை அத்தகைய குடையே. பெரும்பாலோர்க்கு அது வாழ்நாள் முழுதும் தேவைப்படுகிறது. எடை குறைத்து, உப்பைக் குறைத்து, மதுவை விட்டவர்களுக்கு மருத்துவர் சில வேளை மருந்தின் அளவைக் குறைக்கவும் கூடும். அம்முடிவு மருத்துவருடையதாக இருத்தல் வேண்டும்.

மருந்துகள் பல வகை. சிலர்க்கு ஒன்று போதும். பலர்க்கு இரண்டு மூன்று சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் சிற்சில பக்கவிளைவுகள் உண்டு. அம்லோடிபின் உட்கொள்ளும் சிலர்க்குக் கணுக்கால் வீங்கும். பெரிண்டோபிரில் சிலர்க்கு வறட்டு இருமலைத் தரும். ஹைட்ரோகுளோரோதயாசைடு போன்ற நீர் மாத்திரைகள் சிறுநீரை மிகுவிக்கும். புதிதாக மருந்து தொடங்கியவர்க்குப் படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலைசுற்றலாம். மெல்ல எழுந்து, சற்று அமர்ந்து, பின் நிற்க வேண்டும். இத்தகைய தொல்லை கண்டால் மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள். டிரெசரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். மாற்று மருந்துகள் உள்ளன. வாந்தியும் பேதியும் கண்டு உடம்பில் நீர் வற்றிய நாளில், எந்த மாத்திரையை உண்ணலாம், எதை நிறுத்தி வைக்கலாம் என்பதைத் தாமதமின்றிக் கேட்டறிய வேண்டும்.

ஐயமும் விளக்கமும்

கேள்வி: நீண்ட நாள் மாத்திரை தின்றால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்கிறார்களே?

விளக்கம்: சிறுநீரகத்தைக் கெடுப்பது அடங்காத அழுத்தம். முறையாகத் தரப்படும் மாத்திரை சிறுநீரகத்தைக் காக்கிறது. இரத்தமும் சிறுநீரும் அவ்வப்போது சோதிக்கப்படுவது, எல்லாம் சரியாக உள்ளதா எனக் காண்பதற்கே.

கேள்வி: நீர் மாத்திரை உண்டால் வேலைக்காட்டில் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கிறது. பெண்கள் என்ன செய்வது?

விளக்கம்: இதற்கு வெட்கப்பட்டு மருந்தை விட்டவர்கள் உண்டு. மருத்துவரிடம் உங்கள் வேலை நேரத்தைக் கூறுங்கள். பால் எடுத்து முடித்து வீடு திரும்பிய பின் உண்ணுமாறு நேரத்தை மாற்றித் தரவோ, வேறு மருந்து தரவோ அவரால் இயலும்.

கேள்வி: ஒரு வேளை மறந்துவிட்டால்?

விளக்கம்: அன்றைக்கே நினைவு வந்தால் உடனே உண்ணலாம். மறுநாள் வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரட்டிப்பாக உண்ணாதீர்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டாருக்கும் இதே நோய். அவருடைய மாத்திரையைக் கடனாக வாங்கி உண்ணலாமா?

விளக்கம்: கூடாது. ஒருவர்க்கு மருந்தாவது மற்றவர்க்குத் தீங்காகலாம். ஆஸ்துமா உள்ளவர்க்கும், கருவுற்றவர்க்கும், சிறுநீரக நோயாளிக்கும் சில மாத்திரைகள் ஆகா.

கேள்வி: நாட்டு மருந்தால் தீராதா?

விளக்கம்: நம் முன்னோர் அறிந்த சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைக் குறைக்கும் என்பது உண்மை. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் அதனை ஆராய்ந்து உலகறிய எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. மனச்சோர்வு முதலிய விளைவுகள் காரணமாக இன்று அது மிகக் குறைவாகவே வழங்கப்படுகிறது. வேருக்கும் வீரியம் உண்டு. வீரியமுள்ள எதற்கும் அளவும் தீங்கும் உண்டு என்பதை இதனால் அறியலாம். ‘பெலிம்பிங்’ என்னும் நட்சத்திரப் பழச்சாறு கொதிப்பைத் தணிக்கும் எனச் சிலர் குடிக்கின்றனர். சிறுநீரக நோயாளிக்கு அப்பழம் நஞ்சாகும். பூண்டும் முருங்கையும் உணவாக இருக்கட்டும். மாத்திரையின் இடத்தைப் பிடிக்க விடாதீர்கள்.

கேள்வி: மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையால் கெடுதல் உண்டா?

விளக்கம்: உண்டு. டைகுளோபினாக், ஐபுபுரோபென், மெபெனாமிக் அமிலம் போன்ற வலிமாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் தாக்கும். வாளி சுமந்து தோளும் முழங்காலும் வலிக்கும் தொழிலாளர் இவற்றை நாள்தோறும் விழுங்குவது பேராபத்து. வலி இருந்தால், கொதிப்பு இருப்பதையும் சொல்லி மருந்து கேளுங்கள். வலி பறந்துவிடும் என்று விற்கப்படும் ‘ஜாமு’ பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது அரசாங்கச் சோதனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. பதிவு எண் இல்லாத எந்தப் பொட்டலத்தையும் வாங்காதீர்கள்.

கேள்வி: விரத நாள்களில் மாத்திரையை விடலாமா?

விளக்கம்: விடலாகாது. தைப்பூசம் போன்ற விரதம் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்டு, உண்ணும் நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு உறவினர் வீடு செல்லும்பொழுதும் மாத்திரையை எடுத்துச் செல்ல மறவாதீர்கள்.

கருவுற்ற தாய்மார்கள்

முன்பு கொதிப்பு இல்லாத பெண்ணுக்கும் கருவுற்ற ஐந்தாம் மாதத்திற்குப் பின் அது வரலாம். கடுமையான தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவை கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கவனியாது விட்டால் வலிப்புக் கண்டு தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து நேரும். ஒவ்வொரு கர்ப்பச் சோதனையிலும் அழுத்தம் அளக்கப்படுவது இதற்காகவே. முன்னரே மாத்திரை உண்பவர், கருத்தரிக்க எண்ணும்பொழுதே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். சில மாத்திரைகள் கருவைப் பாதிக்கும்.

ஒரு நிமிடமும் தாமதியாதீர்

ஒருவர் முகம் ஒருபக்கம் கோணினாலும், ஒரு கையைத் தூக்க இயலாவிட்டாலும், பேச்சுக் குழறினாலும் அது பக்கவாதமாக இருக்கக்கூடும். சற்றுப் படுத்தால் சரியாகிவிடும் என்று காத்திராதீர்கள், எண்ணெய் தேய்த்துக்கொண்டிராதீர்கள், வாயில் நீரோ மருந்தோ ஊற்றாதீர்கள். 999 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தோட்ட வாகனம் கிடைத்தால் நேரே பெரிய மருத்துவமனைக்கு விரையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்து, நோய் தொடங்கி நாலரை மணி நேரத்திற்குள் தரப்பட வேண்டியது. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை ஒருவர் குறித்துக்கொள்வது மருத்துவருக்குப் பேருதவி. நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத்திணறல், திடீர்ப் பார்வையிழப்பு ஆகியவற்றுக்கும் இவ்விரைவு வேண்டும்.

நால்வர் செய்யும் மருத்துவம்

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்ற அதிகாரத்தில், மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் கூடியது என்று வகுத்துள்ளார். மருத்துவரும் மருந்தும் நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. ‘கிளினிக் கெசிஹாத்தான்’ எனப்படும் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குச் சோதனையும் மருந்தும் சேர்த்துக் கட்டணம் ஒரு வெள்ளியே. எஞ்சியிருப்பது நோயாளியின் கடமையும் வீட்டாரின் கடமையும்.

சமைப்பவர் எல்லோர்க்குமே உப்பைக் குறைத்துச் சமைத்தால், நோயாளி தனித்து உண்ணும் வருத்தம் இராது. பிள்ளைகளுக்கும் நல்ல பழக்கம் அமையும். படிக்கும் பிள்ளை, அப்பாவின் மாத்திரைக்கு நாள்காட்டியில் நாள்தோறும் ஒரு குறியிடலாம். மருந்தகத்திற்குப் போகும் நாளை மண்டோரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் வேலையும் தடைப்படாது. மருந்து தீருவதற்கு ஒரு வாரம் இருக்கும்பொழுதே அடுத்த மருந்தை வாங்கிவிட வேண்டும்.

இவ்விதழைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் 18 வயது நிரம்பியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுள், சென்ற ஓராண்டில் இரத்த அழுத்தம் அளந்து பார்க்காதவர் யார்? அவர்களை இம்மாதத்திற்குள் தோட்ட மருந்தகத்திற்கோ சுகாதார நிலையத்திற்கோ அனுப்பி, கிடைக்கும் இரண்டு எண்களையும் நாள் குறித்து எழுதி வையுங்கள். பாதியில் மாத்திரையை நிறுத்தியவர் இருந்தால், அவரைக் கடிந்துகொள்ளாமல் உடன் அழைத்துச் செல்லுங்கள். மீண்டும் தொடங்குவதற்கு இன்றும் காலம் கடந்துவிடவில்லை.